ஒரு காம்பராவுக்கு ஓர் அடுப்பு

இங்கிலீஷ் வார்த்தையை உயிரோடு பிடித்து, மல்லாக்கப் போட்டு, வயிற்றைக் கீறி, உள்ளே யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தலை எண்ணிப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பேராசிரியர் இல்லை. தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தப்பால்காரர். காலையில் தோல்பையை மாட்டிக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்குப் போவார். தோட்டத்துக் கடிதங்களை வாங்கிவந்து ஒபிசுக்கும் பங்களாவுக்கும் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்கும் கொடுப்பார். அவ்வளவுதான் உத்தியோகம். பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நான் கேட்டதில்லை. லயத்தில் நேற்றுப் பேசப் பழகிய பிள்ளைகூட அவரைத் 'தப்பால்' என்றுதான் சொல்லும்.

தப்பால் யாரையும் நம்பமாட்டார். ஒபிஸ் கிளாக்கரை நம்பமாட்டார், தொழிற்சங்கத் தலைவரை நம்பமாட்டார், மழை வரும் என்று சொல்கிற ரேடியோவை, மழையில் நனைந்துகொண்டே நம்பமாட்டார். ஆனால் இவர்கள் எல்லாரையும்விட அவருக்கு அதிகச் சந்தேகம் இங்கிலீஷ் வார்த்தைகள் மேல்தான். "மனுசன் பொய் சொன்னா மூஞ்சியில தெரியும். இதுக்கு மூஞ்சியே பொய்" என்பார்.

நான் அந்தத் தோட்டத்துக்குப் போனது தொண்ணூறுகளின் கடைசியில். அதற்கு முன்னால் கஹவத்தையில் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டு, இரத்தினபுரியில் பேக்கரியில் கை சுட்டு, மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்து, லொறியில் கிளீனராக ஓடி, எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. மாணிக்கக் குழி ஒருநாள் சரிந்தபோது கழற்றி வைத்திருந்த சட்டை சேற்றுக்குள் போய்விட்டது. நான் மேலே வந்துவிட்டேன். சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டை வரவில்லை. புது அட்டை எடுக்க சொந்தத் தோட்டத்துக்குப் போய் நாலு பேரைப் பார்க்கவேண்டும். அங்கே போக எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் அட்டை இல்லாத தமிழ் வாலிபன் என்றால் எந்தச் சந்தியிலும் பொலிஸ் பிடித்து உள்ளே தள்ளலாம். நான் ஓரிடத்தில் நாலு நாள் உள்ளே இருந்தேன். லொறி முதலாளி வந்து எடுத்தார். அடி அதிகமில்லை.

ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கிடைத்தது புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் காயத் தொங்கப்போடும் வேலை. தற்காலிகம்தான். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள்பதிவில், பெயர் ஏறவில்லை. படுக்க இடம் லயத்தில் தப்பாலின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையில். முதல் நாள் மாலை அவர் என்னை விசாரித்தார்.

"எங்கேர்ந்து வர்ற?"

"இரத்தினபுரிண்ணே."

"அதுக்கு முந்தி?"

"கஹவத்தை."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி நான் பொறக்கலண்ணே."

"ம். கிளாக்கர் அனுப்பினாரா?"

"இல்லண்ணே. கங்காணிதான் இங்க படுக்கச் சொன்னாரு."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாரு."

அத்தோடு முடிவாகிவிட்டது. நான் கிளாக்கரின் ஒற்றன். தான் இங்கிலீஷுக்குள் என்ன கண்டுபிடிக்கிறார் என்று ஒபிஸ் தெரிந்துகொள்ள விரும்புகிறது, அதற்காகத்தான் என்னை இஸ்தோப்பில் போட்டிருக்கிறார்கள். லயத்தில் எல்லாரையும் தம்பி, தங்கச்சி, மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிடுகிற மனிதர் என்னை எட்டு மாதம் 'வந்த ஆளு' என்றே கூப்பிட்டார். "வந்த ஆளு, தண்ணி கொதிக்குது பாரு." "வந்த ஆளு, ஒன்னோட காலு என் பாயில கெடக்கு."

நான் மட்டும் என்ன யோக்கியம்? நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். கடிதம் கொண்டுவருகிறவன், ஒரு கொப்பி நிறைய எழுதுகிறவன், எழுதியதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறவன். இவர் எங்கேயோ எழுதிக்கொடுக்கிறார் என்று நினைத்து, என் அட்டை விஷயத்தை மூச்சுவிடவில்லை.

அவருடைய ஆயுதம் ஓர் அகராதி. பங்களாவில் கறையான் அரித்துத் தூக்கிப்போட்டதைக் குப்பையிலிருந்து எடுத்தது. முன்பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. ஏ, பி, சி முழுக்கக் காலி. டி எழுத்திலும் பாதி போய், புத்தகம் நேராக 'டிஸ்' என்று தொடங்கும் வார்த்தைகளில்தான் திறந்தது. மனிதர் இங்கிலீஷை முதன்முதலில் சந்தித்த இடமே அது. காணாமல் போவது, ஏமாறுவது, நாசம், நோய், அவமானம், களவு என்று பத்துப் பன்னிரண்டு பக்கம். அப்படி ஒரு வாசலால் உள்ளே போனவருக்கு வீட்டுக்காரன் மேல் எப்படி நம்பிக்கை வரும்?

அவர் முறைப்படி ஒரு வார்த்தை என்பது ஒரு லயம். எத்தனை காம்பரா என்று முதலில் எண்ணவேண்டும். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வார்த்தையைச் சொன்னால், தாடை எத்தனை தரம் கையை இடிக்கிறதோ அத்தனை காம்பரா. "ஒரு காம்பராவுக்கு ஒரு அடுப்பு. அடுப்பு இல்லாட்டி அது காம்பரா இல்ல, வெறும் செவுரு." அடுத்தது, துரை எங்கே இருக்கிறார் என்று பார்ப்பது. அகராதியில் வார்த்தைகளுக்கு நடுவே மேலே ஒரு சின்னக் கீறல் இருக்கும், சிலதில் கீழேயும் ஒன்று இருக்கும். ரப்பர் பால் வெட்டுகிற கத்தியால் கீறியது போல. மேல் கீறல் பெரியதுரை, கீழ்க்கீறல் சின்னதுரை. "எத்தன காம்பரா இருந்தாலும் ஒருத்தர்தான் சத்தம் போடணும். அவரு பெரியதொரை. நீளமான லயம்னா சின்னதொரை ஒருத்தரும் கொஞ்சம் சத்தம் போடலாம். மத்தவனெல்லாம் வாய மூடிக்கிட்டு வேலை செய்யணும். இங்கிலீஷ்காரன் தோட்டத்தைப் போட்ட மாதிரிதான் பேச்சையும் போட்டிருக்கான்."

கடைசியாக ஆள் யார் என்று பார்ப்பது. வாசலில் நிற்கிறவன் தரகன், பின்கட்டில் நிற்கிறவன் காவல்காரன், இரண்டு பேரையும் விலக்கினால் நடுவில் இருக்கிறவன்தான் உண்மையான ஆள். வார்த்தை பிரிக்கிறவர்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். பிரித்துவிட்டு ஒவ்வொருவனிடமும் எங்கே போகிறாய், யார் அனுப்பினார்கள் என்று விசாரித்தவர் இவர் ஒருவர்தான்.

இந்தத் தாடைப் பரிசோதனையை அவர் எங்கே வேண்டுமானாலும் செய்வார். பஸ்ஸில் ஏறினால் கை தானாகத் தாடைக்குப் போய்விடும். போர்டு போர்டாக முணுமுணுத்துக்கொண்டே வருவார், எந்த இடத்தில் எத்தனை மணிக்குப் பார்த்தது என்று கொப்பியில் குறிப்பார். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்த சிங்கள அம்மா இரக்கப்பட்டு, "பல்லு வலியா மஹத்தயா?" என்று மடியிலிருந்து இரண்டு கராம்பு எடுத்துக் கொடுத்தார். தப்பால் அதை வாங்கவில்லை. கராம்பு ஏன் தயாராக மடியில் இருந்தது என்பது அவர் கேள்வி.

ஒரு தரம் காய்ச்சல் கண்டு நாலு நாள் எழும்பவில்லை. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா வந்து அதட்டினார்.

"எழும்புங்கண்ணே, டிஸ்பென்சரிக்குப் போவோம்."

"போமாட்டேன். வாசல்லயே டிஸ் நிக்குது."

"என்னாது நிக்குது?"

"டிஸ் நின்னா பின்னால இருக்கிறத புடுங்கிரும். ஹொனெஸ்ட்னா நேர்மையான ஆளு. டிஸ் வந்தா களவாணி. அப்பியர்னா கண்ணுக்குத் தெரியிறது. டிஸ் வந்தா ஆளே காணாமப் போவான். அப்ப டிஸ்பென்சரின்னா என்னா? எங்கிட்ட இருக்கிற பென்சரியப் புடுங்கிக்கிட்டு அனுப்புற எடம்."

"பென்சரின்னா என்னாண்ணே?"

"அது தெரியல. என்னான்னே தெரியாதத எப்படி குடுத்துட்டு வர்றது?"

மாரியாயி அக்கா டிஸ்பென்சரி மருந்தையே ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி, டவுன் கடையில் வாங்கியது என்று கொடுத்தார். தப்பால் மோந்து பார்த்தார். "கடைக்காரனும் அவங்களோட சேந்துட்டான் போல" என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

சங்கக் கூட்டத்தில் ஒருநாள் தலைவர் நீளமாகப் பேசினார். அக்ரிமென்ட் வரப்போகிறது, இன்கிரிமென்ட் வரப்போகிறது, செட்டில்மென்ட் முடியப்போகிறது. பின்னாலிருந்து தப்பால் எழும்பினார். "தலைவரே, மென்ட்டுனு முடியிறது எல்லாம் வரப்போவுது வரப்போவுதுன்னே இருக்கும். பின்கட்டுல மென்ட் நிக்கிற எந்தச் சாமானும் இது வரைக்கும் லயத்துக்கு வந்து சேரல. கொப்பியில பாத்துட்டுத்தான் சொல்றேன்." கூட்டம் கைதட்டியது. அக்ரிமென்ட் அந்த வருடமும் வரவில்லை. அதிலிருந்து தலைவரும் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். இவ்வளவு இங்கிலீஷ் எழுதுகிற மனிதர் சம்பள மேசையில் கைநாட்டு வைத்தார். கிளாக்கர் மை டப்பாவை நீட்டிக்கொண்டே, "என்ன புரொபசர், இன்னைக்கும் பெருவிரல்தானா?" என்று சிரிப்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். தப்பால் பெருவிரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

மாரியாயி அக்காதான் சொன்னார். "எழுதத் தெரியாதுன்னா நெனச்ச? முந்தி இந்தியாவுக்கு அனுப்புற பாரம் வந்துச்சே, அத இவருதான் இதே பையில போட்டுக் கொண்டாந்தாரு. அவங்க அக்காவுக்கும் மச்சானுக்கும். மச்சான் கைநாட்டு வச்சாரு. சாட்சிக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட ஆளு வேணும்னாங்க. இவருக்கு அப்பதான் பேர இங்கிலீஷ்ல எழுத வந்திருந்துச்சு. பெருமையா போட்டுக் குடுத்துட்டாரு. தலைமன்னாருக்குப் போற அன்னைக்கி அக்கா கேட்டிருக்கு, அந்தப் பாரத்துல என்னடா எழுதியிருந்துச்சுன்னு. தெரியலக்கான்னு சொல்லியிருக்காரு. அதோட சரி. அக்கா கப்பலேறிப் போனது போனதுதான். அன்னையிலேர்ந்து எந்தக் காயிதத்துலயும் கையெழுத்து கெடையாது."

அதற்குப் பிறகு ஒருநாள் தப்பால் குளிக்கப்போன நேரம் பார்த்து நான் கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது.

'ரீ பேட் ரி ஏ ஷன். அஞ்சு காம்பரா. பெரியதுரை நாலாவதில், சின்னதுரை முதலாவதில். ரீ: திரும்ப. நடுவில் இருக்கிற ஆள்: அப்பன் ஊர். பின்கட்டு: செய்கிற வேலை. எல்லாம் சேர்த்து: திரும்ப அப்பன் ஊருக்கு அனுப்புகிற வேலை. எங்கள் அப்பனை இந்தத் தோட்டத்து ரெண்டாம் நம்பர் மலையில் புதைத்திருக்கிறது. வார்த்தை பொய்.'

அதற்குக் கீழே: 'சூப் பர் இன் டென் டன்ட். அஞ்சு காம்பரா. பெரியதுரை நாலாவதில், சின்னதுரை முதலாவதில். அதே லயம்.'

நிமிர்ந்தால் ஈரத் துண்டோடு வாசலில் நிற்கிறார். "ஓஹோ" என்றார். "எத்தனாம் பக்கம் வரைக்கும் பாத்துட்டு வரச் சொன்னாரு கிளாக்கர்?"

நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து கொப்பி தோல்பைக்குள் போனது. பை அவர் தோளைவிட்டு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போது புகைக்கூட்டுக்குப் பக்கத்து ரோலர் மெஷினின் பெல்ட் அறுந்துபோனது. அவிசாவளையில் வாங்கி வரவேண்டும். தப்பால் எப்படியும் பஸ் ஏறுகிறவர், கூட ஒருவன் போய்த் தூக்கி வரட்டும் என்று என்னை அனுப்பினார்கள். எட்டு மாதமாக நான் தோட்டத்தைவிட்டு வெளியே போகவில்லை. வழியில் ஒரு செக்பொயின்ட் இருந்தது. போகமுடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் வேலை போகும். போனேன்.

போகும்போது மழை. செக்பொயின்ட்டில் ஒருவன் மட்டும் பஸ்ஸுக்குள் எட்டிப்பார்த்துவிட்டுப் போகச்சொன்னான். திரும்பும்போது பகல் ஒரு மணி, நல்ல வெயில். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். நான் பெல்ட்டை மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முன்னால் ஒரு தடித்த மனிதரைப் பார்த்து அவருக்குப் பின்னால் நின்றேன். பொலிஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து அலுத்துப்போய்ப் பாதிப் பேரை அட்டையைக் கேட்காமலே விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் நாலு பேர், பிறகு நான். தப்பிவிடுவேன் போலத்தான் இருந்தது.

அப்போது எனக்குப் பின்னால் வந்த தப்பால் நின்றுவிட்டார். அங்கே புதிதாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். சிங்களத்தில் இரண்டு வரி, கீழே இங்கிலீஷில் ஒரு வரி. அவர் கை தாடைக்குப் போனது. உதடு அசைந்தது. கண் விரிந்தது. மறுகை பைக்குள் போய்க் கொப்பியை எடுத்தது.

"வந்த ஆளு! இங்க பாரு! ஐ... டென்... டி... ஃபி... கே... ஷன்! ஆறு! ஆறு காம்பரா! இந்த மாதிரி லயத்த நான் பாத்ததே இல்ல!"

எந்த அட்டை என்னிடம் இல்லையோ அதைக் காட்டச்சொல்லுகிற வார்த்தையை அவர் அவ்வளவு சந்தோஷமாக எண்ணிக்கொண்டு நின்றார். செக்பொயின்ட்டுக்கு நேரே நின்று, பொலிஸ் போர்டைப் பார்த்து, கொப்பியில் துரைக்குக் கோடும் காம்பராவுக்குப் புள்ளியும் போடுகிற ஒரு தமிழன். இரண்டு நிமிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பெல்ட் என் மடியில்.

ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்டவர், சாப்பாட்டை இடையில் விட்டு வந்த கோபம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கொப்பியைக் கொடுத்தார். அந்த மனிதர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னார்.

"சேர், இதுல சூப்பரின்டென்டன்ட்னு இருக்கு. பெரியதுரை நாலாவது அறையில இருக்காராம். சின்னதுரை முதலாவது அறையில."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எந்தப் பங்களா?"

"அது இல்ல சேர். அடுத்த பக்கம், ட்ரான்ஸ்போமர். மூணு அறை. பெரியதுரை நடுவுல."

"ட்ரான்ஸ்போமருக்குள்ள துரை என்ன செய்றாரு?"

"தெரியல சேர். எடமும் போட்டிருக்கு. அவிசாவளைப் பாலத்துக்குப் பக்கம், காலையில எட்டே கால்."

வாசலில் நின்றவர் தோளில் இருந்த துப்பாக்கியைக் கையில் எடுத்தார். இது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். நான் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தப்பாலுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவர் எழும்பி நின்றார். "சேர், இது வார்த்தை உடைக்கிற கொப்பி. சேரோட பதவிய எடுத்துக்குவோம். கைய இப்படி வையுங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் உட்பட. கை தாடைக்குப் போய்விட்டது.

"இன். ஸ்பெக். டர். எத்தன தரம் இடிச்சுச்சு?"

"மூணு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நடுக்காம்பராவுல சத்தம் கூட. அங்கதான் பெரியதொரை. வாசல்ல இன் நிக்குது, அப்படின்னா உள்ளுக்கு. பின்கட்டுல நிக்கிறவன் வேலை செய்ற ஆளு. நடுவுல ஸ்பெக்ட், அது பாக்குறது. சேர் போட்டிருக்கிற கண்ணாடிக்கும் அதான் பேரு. உள்ளுக்குப் பாக்குற ஆளு, அதான் சேர். வெளிய இருக்கிற கோட்டையும் புள்ளியையும் பாத்துப் புடிக்கிற ஆளு இல்ல."

கான்ஸ்டபிள் தன் கையையும் தாடைக்குக் கீழே வைத்திருந்தார். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 'கான், ஸ்ட, பிள்' என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உன்னை நாங்க எழுதப்போற சஸ்பெக்ட்?" என்றார் இன்ஸ்பெக்டர், கையை அவசரமாக இறக்கிக்கொண்டு.

"அவரும் ஸ்பெக்ட் குடும்பந்தான் சேர். உங்க சொந்தக்காரரு. கீழேர்ந்து ஒளிஞ்சு பாக்குறது. பெரியதொரை முதக் காம்பராவுல இருந்தா அது நான். ரெண்டாவது காம்பராவுக்குப் போயிட்டா அது நீங்க செய்ற வேலை."

இன்ஸ்பெக்டர் மெதுவாக இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். சரியாக இருந்தது. அவர் முகத்தில் ஏற்பட்டது சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். டெலிபோனை எடுத்துத் தோட்டத்து ஒபிசைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் கிளாக்கர். பேசி முடித்து வைத்தார்.

"தப்பால்காரன் அவங்க ஆளுதானாம். முப்பது வருசமா இப்படித்தானாம். நீ போகலாம்." என்னைப் பார்த்தார். "இவனை யாருன்னே தெரியாதாம். செக்ரோலில் பேர் இல்லையாம். அட்டை எங்கே?"

நான் அட்டை சேற்றில் போன கதையைச் சொன்னேன். மாணிக்கக் குழியில் அட்டை போன கதையை அவர் அந்த வாரத்தில் எத்தனையாவது தடவை கேட்கிறாரோ.

"இவன் இருக்கட்டும். நாளைக்குக் கொழும்புக்கு அனுப்புவோம்."

தப்பால் பையை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "சேர், கிளாக்கர் என்னா சொன்னாரு? இவனத் தெரியாதுன்னா?"

"தெரியாதாம்."

"நெசமாவே தெரியாதா? நல்லாக் கேட்டீங்களா சேர்?"

"தெரியாது, எனக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னாரு. போதுமா?"

தப்பால் என் பக்கம் திரும்பினார். எட்டு மாதத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கொழும்புக்கு அனுப்பப்போகிறார்கள், இந்த மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "கிளாக்கருக்கு ஒன்னைத் தெரியாதாமேடா!" என்றார் தமிழில். "மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"எட்டு மாசமா அதத்தானேண்ணே சொல்றேன்!"

அவர் பையைக் கழற்றி வாங்கில் வைத்தார். இன்ஸ்பெக்டர் மேசைக்கு நேரே போய் நின்றார். "மை பிரதர், சேர்" என்றார்.

இங்கிலீஷில் சொன்னார். கை தாடைக்குப் போகவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பாலுக்கு ஐம்பது வயது, நல்ல கறுப்பு, ஒல்லி. எனக்கு இருபத்துமூன்று, மாநிறம், குட்டை. எங்களை ஒன்றாக நிறுத்தினால் ஒரே மாவட்டம் என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள்.

"கூடப்பிறந்த தம்பியா?"

"ஆமா சேர்."

"அப்பா பேர் என்ன இவனுக்கு?"

"என் அப்பா பேர்தான் சேர். ரெண்டாம் நம்பர் மலையில இருக்காரு."

 இன்ஸ்பெக்டர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பாரத்தை எடுத்து மேசையில் போட்டார். "இவன் எங்கேயாவது ஓடினா உன்னைத்தான் பிடிப்போம். பொறுப்பு எடுத்துக் கையெழுத்துப் போடு. கைநாட்டு எடுக்கமாட்டேன்."

நான் எட்டிப் பார்த்தேன். பாரம் பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ். இங்கிலீஷ் மட்டும் எப்படியும் ஐம்பது அறுபது வார்த்தை. சிலதெல்லாம் பஸ் நீளம். சரி, முடிந்தது என்று நினைத்தேன். இவர் ஒவ்வொன்றாகக் காம்பரா எண்ணி, தரகனைப் பிடித்து, காவல்காரனை விசாரித்து முடிப்பதற்குள் நான் கொழும்புக்குப் போய்த் திரும்பியும் வந்துவிடுவேன். அதிலும் கையெழுத்து. அக்காவுக்குப் போட்டதற்குப் பிறகு இந்தக் கை எந்தக் காயிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அவர் பேனாவை வாங்கினார். பாரத்தை ஒரு வார்த்தைகூடப் பார்க்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். கான்ஸ்டபிள் விரலை வைத்த இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக, இங்கிலீஷில் தன் பெயரைப் போட்டார்.

பஸ் ஏறிப் பத்து நிமிடம் வரை தப்பால் நன்றாகத்தான் இருந்தார். பிறகு வியர்க்க ஆரம்பித்தது.

"அந்தப் பாரத்துல என்னா எழுதியிருந்துச்சு?"

"நான் படிக்கலண்ணே."

"டிஸ் எங்கயாவது நின்னுச்சா?"

"பாக்கலண்ணே."

"வந்த ஆ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "நீயெல்லாம் என்னாத்துக்குடா ஆறாவது வரைக்கும் படிச்ச?"

கொப்பியை இன்ஸ்பெக்டர் மேலதிக விசாரணைக்கென்று வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை. ஒரு மாதம் கழித்து அந்த வழியாக பஸ்ஸில் வந்த மாரியாயி அக்கா சொன்னார், பாவம் அந்தப் பெரிய பொலிஸ்காரர், தாடையில் கையை வைத்துக்கொண்டு போர்டைப் பார்த்து என்னவோ முனகிக்கொண்டிருந்தார், பல்வலி போல என்று.

அட்டை எடுக்கத் தப்பால் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கஹவத்தைக்குக் கூட்டிப்போனார். அட்டை வந்தது. அட்டை வந்தபிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நாலு மாதத்தில் கிளம்பிவிட்டேன். நான் போன பிறகு கிளாக்கர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று தப்பால் மாரியாயி அக்காவிடம் ஒரு வாரம் துருவித் துருவிக் கேட்டாராம். பழக்கம் அப்படி.

கிளம்புகிற அன்று காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். புதுக் கொப்பி வழக்கம்போலப் பைக்குள் இருக்கும் என்று நினைத்தேன். பாய்மேலேயே கிடந்தது. திருட்டுப் புத்தி, திறந்தேன். முதல் பக்கம்.

'பிர தர். ரெண்டு காம்பரா. பெரியதுரை முதலாவதில். வாசலில் தரகன் இல்லை. பின்கட்டில் டிரைவருக்கு நிற்கிற மாதிரி ஒருத்தன் நிற்கிறான். இழுத்துப் பார்த்தேன், பிரிந்து வரவில்லை. முழுக்க ஒரே ஆள். டிக்ஷனரியில் இந்தப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. நானே பார்த்துச் சொல்வது.'

அதற்குக் கீழே, சாட்சி போடுகிற இடத்தில், இங்கிலீஷில் அவர் பெயர் இருந்தது. கைநாட்டு இல்லை. கையெழுத்து.